ஓடின பாக்ஸ்டரை எடுக்கலாமா?

எங்கள் பட்டறைக்கு ரீபோருக்கு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, வரும் லாரி எஞ்சின்கள் பலவும் நாலு லட்சம், ஐந்து லட்சம் கிலோமீட்டர் பார்த்தவை. பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா போட்ட லேத் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவனிடம் வந்து, “அண்ணே, வண்டி 78 ஆயிரம் ஓடியிருக்கு, பயமா இருக்கு” என்றால் சிரிப்புதான் வரும். சொன்னது பெரம்பூர் தம்பி ஒருவன். ஐ.டி. வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூட நாளிலிருந்தே போர்ஷே பைத்தியம். அவன் பார்த்து வைத்திருந்தது 2011ல் பதிவான பாக்ஸ்டர், போர்ஷேயின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். 2.9 லிட்டர் எஞ்சின், தானே கியர் மாற்றும் பி.டி.கே. கியர்பாக்ஸ். ஓனர் ராயபுரத்தில் ஏற்றுமதி வியாபாரம் செய்பவர். அந்த விலை தம்பியின் கைக்கு எட்டியதற்குக் காரணமே அந்த 78 ஆயிரம்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் கிலோமீட்டரைப் பார்த்து மிரளுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். சென்னையில் இந்த மாதிரி வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். பதினாலு வருஷத்தில் 15 ஆயிரம் மட்டும் ஓடிய வண்டியில் ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும். டயரில் பட்டன் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். கூலன்ட்டையும் பிரேக் ஆயிலையும் “ஓடவே இல்லையே” என்று யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். வாரா வாரம் ஓடி, நன்றாகச் சூடாகி, வேளைக்கு ஆயில் மாறிய 78 ஆயிரம் எனக்குப் போதும். காசிமேட்டுக் காற்றில் கவர் போட்டு மூடி வைத்த 15 ஆயிரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன். ஆனால் வேளைக்கு ஆயில் மாறியதா, எப்படி ஓட்டினார்கள் என்பதை ஓனர் வாயால் மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. வண்டியிடம்தான் கேட்க வேண்டும்.

போர்ஷே என்றால் முதல் கேள்வி எந்த எஞ்சின் என்பதே. 1997லிருந்து 2008 வரை வந்த பாக்ஸ்டர் எஞ்சின்களுக்குள் கிராங்கிலிருந்து, வால்வுகளை இயக்கும் கேம் செயினுக்குச் சுழற்சியை எடுத்துப் போக ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையில் இருக்கும் பேரிங் உடைந்தால் டைமிங், அதாவது வால்வு திறந்து மூடும் நேரம், தவறும், வால்வு போய் பிஸ்டனில் முட்டும், எஞ்சினே முடிந்தது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. அதனால் தம்பியிடம் ஆர்.சி.யில் இருக்கும் பதிவு வருஷத்தை நம்பாதே, சேஸி எண்ணைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். பத்தாவது இடத்தில் 9 இருந்தால் 2009 மாடல், ஏ என்றால் 2010, பி என்றால் 2011. ஷோரூமில் தூங்கிய பழைய மாடலை அடுத்த வருஷம் பதிவு செய்வது இங்கே சகஜம். இவன் அனுப்பிய படத்தில் ஏ இருந்தது. சரி, போய்ப் பார்க்கலாம் என்று முடிவானது.

முந்தின நாளே ஓனருக்குப் போன் போட்டு, “சார், நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லச் சொன்னேன். விற்கிறவர்கள் பலரும் ஆள் வருவதற்கு முன்பே அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூடான எஞ்சின் எல்லா ரகசியத்தையும் மூடிவிடும். போனவுடன் முதல் வேலையாகக் குனிந்து சைலன்சர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் லேசாக ஒரு புகை வந்தது. தம்பி பதறினான். படுக்கை வசத்தில் சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினில், நின்றிருந்த நேரத்தில் கொஞ்சம் ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிவது இயல்பு. அந்தப் புகை சட்டென்று அடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அடங்காமல் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருந்தால், ஆயில் ஆவியைப் பிரித்து அனுப்பும் பாகம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அடங்கியது. சத்தத்தில் டக் டக் இல்லை, ஐடிலிங்கில் ஆட்டமும் இல்லை. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் சூட்டில் விரிசல் விட்டால் குளிர்ந்த ஸ்டார்ட்டில், அதுவும் மழைக்காலத்தில், எஞ்சின் உதறும். காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்து ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. பலரும் பிழைக் குறியீடுகளைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமான எண் வேறு. எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று போர்ஷேயின் எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கும். ஓடோமீட்டரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. இந்த வண்டியில் 2,650 மணி நேரம் என்று வந்தது. 78 ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 29 கிலோமீட்டர் சொச்சம். மூலக்கடை சிக்னலும் வெளிவட்டச் சாலையும் சேர்ந்த சென்னை வண்டிக்கு அது நம்பக்கூடிய சராசரி. முன்பு வேறொருவருக்காகப் பார்த்த ஒரு காரில் மீட்டர் 31 ஆயிரம் காட்டியது, மணிக்கணக்கோ 2,400. சராசரி 13கூட வரவில்லை. ஒன்று, அந்த வண்டி வாழ்நாளெல்லாம் பேசின் பிரிட்ஜ் நெரிசலிலேயே நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரில் கை வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் நாங்கள் அங்கே நிற்கவில்லை.

அதே கம்ப்யூட்டரில் எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்றவிட்ட பதிவும் இருக்கும். ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை, கடைசியாக எந்த மணிக்கணக்கில் என்று காட்டும். கீழ்ப் படிகளில் எண்கள் இருந்தால் வண்டியை ரசித்து ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், குறையில்லை. நாலு, ஐந்து, ஆறாம் படிகளில், அதுவும் அண்மையில், ஏதாவது இருந்தால் ஆபத்து. கையால் கியர் போடும் வண்டியில் ஐந்துக்குப் பதிலாக மூன்றில் இறக்கிவிட்ட கைங்கரியமாக இருக்கும். பி.டி.கே.யில் கம்ப்யூட்டரே அதற்கு இடம் கொடுக்காது. இதில் மேல் மூன்று படிகளும் சுத்தம்.

இனி என் சொந்த ஏரியா, சிலிண்டர். அப்பா காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். அதற்கு முந்தின வாரங்களில் பைக் சிலிண்டர்கள் எங்கள் லேத்துக்கு வரிசையாக வரும். போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கொடுத்து அனுப்புவார். அவையெல்லாம் இரும்பு. பாக்ஸ்டர் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ், அதாவது உள் உறை, கிடையாது. சிலிக்கன் கலந்த அலுமினியம், அந்தச் சிலிக்கன் துகள்களின் மேல்தான் ரிங் ஓடுகிறது. சுவரில் கோடு விழுந்தால் வழக்கமான முறையில் போர் அடித்து அனுப்ப முடியாது. தனி முறையில் பூச்சோ ஸ்லீவோ போட வேண்டும், எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும், செலவு வண்டி விலையின் பக்கத்தில் வந்து நிற்கும். எனவே பணம் கொடுப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு ஆறு சிலிண்டர்களையும் பார்ப்பது கட்டாயம். ஓனர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். “எல்லாச் செலவும் எங்களோடது, வண்டியை எடுக்கலைன்னாலும் பிளக் ஆறும் புதுசு போட்டுத் தர்றோம்” என்று தம்பி சொன்னதும் சரி என்றார். பார்க்க விடமாட்டேன் என்கிற ஓனரிடம் வண்டி வாங்காதீர்கள். அதற்கு மேல் அதில் பேச்சே இல்லை.

உள்ளே மேலும் கீழுமாக நிற்கும் ஆழமான கோடுகள் எதுவும் இல்லை. லேசான தடங்கள் உண்டு, 78 ஆயிரத்துக்கு அது நியாயம். அதோடு லீக் டவுன் சோதனையும் செய்தோம். பிஸ்டனை மேலே நிறுத்தி உள்ளே காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, இருபதைத் தாண்டினால் கிளம்பி வந்துவிடலாம். நான் பார்ப்பது எண்ணைவிட வித்தியாசத்தை. ஆறும் ஒன்பது காட்டினால் பரவாயில்லை, ஐந்து சிலிண்டர் நாலு காட்டி ஒன்று மட்டும் பதினைந்து காட்டினால் அதில்தான் கதை இருக்கிறது.

ஆயிலை மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்கினேன். இந்த எஞ்சினில் ஃபில்டர் காகித மடிப்பாக வரும். அதைப் பிரித்து வெயிலில் விரித்து வைத்தால் எஞ்சினின் ஜாதகம் தெரியும். மினுக்கும் துகளைக் காந்தத்தில் தொட வேண்டும். ஒட்டினால் இரும்பு, பேரிங்கோ செயினோ தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளையாக மினுங்கினால் அலுமினியம். பழுப்பாகப் பிளாஸ்டிக் சில்லு கிடந்தால் செயினைத் தாங்கும் கட்டைகள் உடைகின்றன. இதில் கரி தவிர ஒன்றும் இல்லை. பில்களைப் புரட்டுவதைவிட எனக்கு இந்த ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பிக்கை அதிகம். பில்லையும் பார்த்தேன், வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாறியிருந்தது.

லிஃப்டில் ஏற்றிய பிறகுதான் வடசென்னை தெரிந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பல வருஷம் நின்ற வண்டி. சைலன்சர் போல்ட்டுகள் துருவேறி, எது போல்ட், எது நட்டு என்றே தெரியவில்லை. தொட்டால் உடையும், அந்த வேலைக்கு எப்போதும் கூடுதல் கூலி ஒதுக்க வேண்டும். அடித்தகடு நன்றாகவே இருந்தது, பிரேக் குழாய்களிலும் இணைப்புகளில் மட்டும்தான் லேசான துரு. பெரிய குறை முன் பம்பருக்குள் இருந்தது. எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்பக்க மூலைகளில், ஏ.சி. கண்டன்சர்கள் அவற்றுக்கு முன்னால். பம்பரின் வாய் வழியாகக் காய்ந்த இலை, பாலித்தீன் பை, மணல் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் தங்கி, உப்புக் காற்றும் சேர்ந்தால் அலுமினியம் பொடிப்பொடியாக உதிரும். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு பக்கக் கண்டன்சரின் கீழ் மூலை உதிர்ந்துகொண்டிருந்தது. ஏ.சி. இன்னும் வேலை செய்கிறது, ஆனால் அடுத்த கோடைக்குத் தாங்காது. தண்ணீர் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். போர்ஷே கூலன்ட் அந்த நிறம், கசிந்து காய்ந்தால் கறை நிற்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் லேசான ஆயில் ஈரம் இருந்தது. சொட்டவில்லை. துடைத்துவிட்டுக் கண்காணிக்கலாம்.

மழை நீர் விஷயத்தில் நம்மூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. துணிக் கூரை வண்டியில் கூரை மடியும் இடத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், சீட்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் நனையும், வண்டி பூட்டவும் செய்யாது, ஸ்டார்ட்டும் ஆகாது. ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றினேன். ஒரு பக்கம் உடனே வண்டிக்கு அடியில் கொட்டியது, இன்னொரு பக்கம் யோசித்து யோசித்து வந்தது. மெல்லிய குழாயை விட்டுச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் அழுத்திப் பார்த்தேன், ஈரம் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கியதா என்பது வேறு சோதனை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு நல்ல மழைக்கே வண்டி மிதக்கும். 2023ல் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். யாரும் அங்கே கழுவுவதில்லை. சீட் தண்டவாளத்தில் துரு, வயர் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சணம், விளக்குக்குள் ஆவி, உள்ளே தூக்கலான சென்ட் வாசனை, இவற்றில் எதுவும் நல்ல சகுனம் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் க்ளெய்ம் விவரம் கேட்டால் மிச்சமும் தெரியும்.

பெயின்ட்டைப் பற்றி நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. தடிமன் அளக்கும் கருவி இருந்தால் போதும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் காட்டும், அதைப் போல இரு மடங்கு வந்தால் மறுபடி அடித்தது, ஆயிரத்தைத் தொட்டால் பட்டி. அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது, அங்கே பழைய காந்த வித்தை பலிக்காது, அதையும் அளக்கும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். முன் பம்பருக்கு அடியில் உரசல் இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் சென்னையில் கிடையாது, அதற்காக விலை குறைக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஞாயிறு காலையில் ஓட்டிப் பார்த்தோம். வெளிவட்டச் சாலையில் பறப்பது பிறகு. முதலில் மணலிப் பக்கம், கன்டெய்னர் டிரெய்லர்கள் உழுது போட்ட ரோட்டில் ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்தி, முப்பதில் போகச் சொன்னேன். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ் போயிருந்தால் அங்கே பேசும். பின்னால் வலது பக்கத்தில் ஒரு கட்டை சத்தம் வந்தது, கன்ட்ரோல் ஆர்ம் புஷ்தான். பி.டி.கே. குளிராக இருக்கும்போது ஒழுங்காகத்தான் மாறும். நன்றாகச் சூடானபின் நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறுகிறதா, ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகையில் இடிக்கிறதா, ரிவர்ஸ் தாமதமாக விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். இந்தக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஆட்கள் குறைவு. பல இடங்களில் மொத்தமாக மாற்றச் சொல்வார்கள், அது தம்பியின் ஒரு வருஷச் சம்பளம். கடைசியில் மூலக்கடையில் ஏ.சி. போட்டுக்கொண்டு வேண்டுமென்றே நெரிசலில் நின்றோம். ஃபேன் இரண்டும் சுற்றின, வெப்ப முள் நகரவில்லை. டயர் தேதி பக்கச் சுவரில் நாலு இலக்கமாக இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23வது வாரம். இந்த வண்டியில் முன் இரண்டும் அதுதான், பின் இரண்டும் வேறு கம்பெனி. நாலும் மாற்ற வேண்டும், அதற்கே லட்சத்தைத் தாண்டும்.

பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகோலை வைத்தால் ஒரு நிமிஷ வேலை. இதில் இன்னும் மிச்சம் இருந்தது.

சீட், ஸ்டீரியோ, ஸ்டீயரிங் தோல் எல்லாம் உங்கள் விருப்பம். நான் அவற்றுக்குப் பதிலாக ஓனரின் டிரைவரோடு டீ குடித்தேன். “ஐயா காலையில எடுத்தா பத்து நிமிஷம் மெதுவாத்தான் ஓட்டுவாரு, என்னையும் அப்படித்தான் ஓட்டச் சொல்லுவாரு” என்றார் அந்த அண்ணன், கேட்காமலே. ஃபில்டர் காகிதம் சொன்னதும் அதுதான்.

பேப்பர் வேலையில் புதுச்சேரி எண் உள்ள வண்டியாக இருந்தால் என்.ஓ.சி. என்கிற ஆட்சேபணையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இது தமிழ்நாட்டுப் பதிவுதான், ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இன்னும் இருந்தது. கடன் முடிந்துவிட்டது, பெயரை எடுக்கவில்லை. படிவம் 35 போட்டு அதை நீக்கிய பிறகே ஓனர் பெயர் மாற்றும் படிவங்கள் 29, 30 என்று சொல்லிவிட்டேன். 2026ல் பதினைந்து வருஷம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். பாக்கியுள்ள இ-சலான்களையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு இருந்தன, இரண்டும் வேகத்துக்கு.

கண்டன்சர், புஷ், டயர் மூன்றுக்கும் எழுதிய மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை பேசினோம். கண்டன்சருக்கும் புஷ்ஷுக்கும் ஓனர் இறங்கி வந்தார். டயருக்கு மட்டும், “ஓடின வண்டிக்கு டயர் தேயாம இருக்குமா தம்பி” என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான். தம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான், மிச்சப் பணம் பேங்க் பெயர் ஆர்.சி.யிலிருந்து போன பிறகு. பாகங்களுக்கு இப்போதே ஆர்டர் போட்டிருக்கிறோம், கண்டன்சர் வெளியூரிலிருந்து வர வேண்டும்.